ஒரே ஒரு தட்டு வாங்க முடியும் என்றால்

என் சித்தப்பா மகள் முதல் சம்பளத்தில் ஒரு டர்ன்டேபிள் வாங்கியிருக்கிறாள். அதில் போட இசைத்தட்டுகள்தான் இல்லை. பெரிய இசை நிறுவனங்களைச் சாராத வெளிநாட்டு இண்டி ஆல்பம் ஒன்றைத் தட்டாக வரவழைத்தால், விலையோடு அனுப்பும் செலவும் சுங்கவரியும் சேர்ந்து ஒரு நல்ல ஹெட்போனின் விலை ஆகிவிடுகிறது. அதனால் இந்த வருஷத்துக்கு ஒன்றுதான் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். போன வாரம் போனில் கேட்டாள்: "அண்ணா, நீங்க பார்க்கும்போதெல்லாம் அந்த அஞ்சு ஆல்பத்தைப் பத்தித்தான் பேசுறீங்க. அதுல எதை வாங்கட்டும்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

அந்த ஐந்தும் 2024இல் வந்தவை. ஏட்ரியன் லெங்கரின் 'பிரைட் ஃபியூச்சர்', வாக்ஸஹாச்சியின் 'டைகர்ஸ் பிளட்', சிண்டி லீயின் 'டயமண்ட் ஜூபிலி', ஜெசிக்கா பிராட்டின் 'ஹியர் இன் த பிட்ச்', எம்.ஜே. லெண்டர்மனின் 'மேனிங் ஃபயர்வொர்க்ஸ்'. முதல் இரண்டும் ஒரே நாளில், மார்ச் 22 அன்று வந்தன. மூன்றாவது சரியாக ஒரு வாரம் கழித்து வந்தது. அந்த ஒரு வாரத்தை என்னால் மறக்க முடியாது. ஒன்றைக் கேட்டு முடிப்பதற்குள் அடுத்தது வந்து நின்றது.

ஐந்தில் எது சிறந்தது என்று கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். எதைத் தட்டாக வாங்குவது என்பதற்கு இரண்டு நாள் யோசிக்க வேண்டியிருந்தது. இரண்டுக்கும் பதில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பியிருந்தேன். இரண்டு வருஷம் முன்பு, வருஷக் கடைசிப் பட்டியல்களில் முதலிடத்தில் இருந்த ஆல்பம் ஒன்றைத் தட்டாக வாங்கினேன். அதை இதுவரை இரண்டே முறைதான் போட்டிருக்கிறேன். அருமையான ஆல்பம்தான். ஆனால் அதை நான் கேட்பதெல்லாம் ரயிலில், போனில். அலமாரியில் இருக்கும் தட்டுக்கு என் வாழ்க்கையில் ஒரு வேலையும் இல்லை.

தட்டு என்பது சில கட்டுப்பாடுகளோடு வரும் பொருள். எல்.பி. என்ற பெரிய தட்டின் ஒரு பக்கத்தில் இருபது, இருபத்திரண்டு நிமிடம் வரைதான் நன்றாகப் பதியும். அதற்கு மேல் திணித்தால் ஊசி ஓடும் வரிகள் நெருக்கிக்கொண்டு ஒலி தணிந்துவிடும். பாதியில் எழுந்துபோய்த் திருப்பிப் போட வேண்டும். அப்புறம் இன்னொரு விஷயம்: இப்போது வரும் தட்டுகளில் பல, கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைலிலிருந்தே வெட்டப்படுகின்றன. அப்படிப்பட்ட தட்டில் கேட்பதும் நல்ல ஃபைலில் கேட்பதும் அடிப்படையில் ஒரே பதிவுதான். ஆகவே என் கேள்வியை இப்படி வைத்துக்கொண்டேன்: இந்த ஐந்தில் எது தட்டில் ஏறினால் கூடுதலாக ஏதோ ஒன்றைத் தருகிறது? எதற்குத் தட்டு தேவையே இல்லை?

எனக்கு மிகவும் பிடித்ததிலிருந்தே தொடங்குகிறேன். அது 'மேனிங் ஃபயர்வொர்க்ஸ்'. செப்டம்பர் 6 அன்று வந்தது, ஒன்பது பாட்டு. லெண்டர்மன் வட கரோலினாவின் ஆஷ்வில் ஊர்க்காரர். அந்த ஊரிலேயே, டிராப் ஆஃப் சன் என்ற ஸ்டுடியோவில், பெரும்பாலான கருவிகளைத் தானே வாசித்துப் பதிந்தார். இந்தப் பாட்டுகளில் வரும் ஆண்கள் எல்லோரும் எதையோ கெடுத்துக்கொண்டவர்கள். ஒருவன் மனைவி விட்டுப் போகும்போது ஃபெராரி காரை வாடகைக்கு எடுக்கிறான். இன்னொருவன் தன் கைக்கடிகாரத்தின் பெருமையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். கேட்கும்போது முதலில் சிரிப்பு வரும். மூன்றாவது முறை கேட்கும்போது அந்த ஆளை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றும். ஐந்தாவது முறை அவன் மேல் இரக்கம் வந்துவிடும். இரக்கத்தை முன்கூட்டியே கேட்டு வாங்காத எழுத்து அது. 'ஷீ இஸ் லீவிங் யூ' பாட்டின் கடைசியில் கார்லி ஹார்ட்ஸ்மனின் குரல் வந்து சேர்கிறது. வெட்னஸ்டே குழுவின் பாடகி அவர். லெண்டர்மன் அந்தக் குழுவின் கிதார்காரர். காதலர்களாக இருந்த இருவரும் ஆல்பம் வருவதற்கு முன்பே பிரிந்துவிட்டார்கள். அது தெரிந்த பிறகு, விட்டுப் போகிறாள் என்ற அந்த வரியை அவர் குரலிலேயே கேட்பது வேறு மாதிரி இருக்கிறது.

இவ்வளவு பிடித்த ஆல்பத்தை ஏன் அவளுக்குச் சொல்லவில்லை? நான் இதை எப்போதும் நடந்துகொண்டேதான் கேட்கிறேன். கிதார் நடையின் வேகத்தில் போகிறது. வரிகள் வழியில் கண்ணில் படும் காட்சிகள் மாதிரி வந்து போகின்றன. கடைசிப் பாட்டு பத்து நிமிடம். அதில் பாட்டு சீக்கிரமே முடிந்துவிட, மிச்சமெல்லாம் ஒரே ரீங்காரம். நடக்கும்போது அந்த ரீங்காரம் தெருவோடு கலந்துவிடும். தட்டில் போட்டு உட்கார்ந்து கேட்டால் எழுந்துபோய் ஊசியைத் தூக்கத் தோன்றுகிறது. இதற்கு டவுன்லோடுதான் சரி.

ஆஷ்வில் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. இந்த ஆல்பம் வந்த அதே மாதக் கடைசியில் ஹெலீன் சூறாவளி அந்த மலைப்பகுதியை வெள்ளத்தில் மூழ்கடித்தது. அக்டோபரில், நிவாரணத்துக்காக 'கார்டினல்ஸ் அட் த விண்டோ' என்று 136 பாட்டுகள் கொண்ட தொகுப்பு ஒன்று, பாடகர்கள் தங்கள் இசையை நேரடியாக விற்கும் பாண்ட்கேம்ப் தளத்தில் வந்தது. லெண்டர்மனும் அதில் இருக்கிறார். என் தங்கையிடம் அதையும் ஒரு முறை பார்க்கச் சொல்லியிருக்கிறேன். புதுப் பாடகர்களைத் தேடுகிறவர்களுக்கு அது ஒரு சுரங்கம்.

'டைகர்ஸ் பிளட்'டிலும் லெண்டர்மன் இருக்கிறார், கிதாரிலும் குரலிலும். வாக்ஸஹாச்சி என்பது கேட்டி கிரட்ச்ஃபீல்டின் மேடைப்பெயர். அவர் பிறந்து வளர்ந்த அலபாமாவில் ஓடும் ஓர் ஓடையின் பெயர். 2018இல் குடியை விட்டார். அந்தத் தெளிவிலிருந்து 2020இல் 'செயின்ட் கிளவுட்' வந்தது. அதன் அடுத்த அடி இந்த ஆல்பம். டெக்சாஸில் மெக்சிகோ எல்லையருகே டோர்னில்லோ என்ற இடத்தில், பீக்கன் மரத் தோப்புகளுக்கு நடுவே இருக்கும் சோனிக் ராஞ்ச் ஸ்டுடியோவில் பிராட் குக் தயாரித்தார். 'ரைட் பேக் டு இட்' என்ற பாட்டு மட்டும் போதும், இந்த ஆல்பம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். பில் குக்கின் பாஞ்சோ மெதுவாக உருட்டிக்கொண்டே போக, கேட்டியும் லெண்டர்மனும் சேர்ந்து பாடுகிறார்கள். பல வருஷம் ஒன்றாக வாழ்ந்தவர்களின் காதலைப் பற்றிய பாட்டு. புதுக் காதலுக்கும் முறிந்த காதலுக்கும் ஆயிரம் பாட்டு இருக்கிறது. நடுவில் இருக்கும் நீண்ட பகுதியை இவ்வளவு நேர்மையாகப் பாடுகிறவர்கள் குறைவு.

ஆனாலும் பன்னிரண்டு பாட்டும் ஒரே வெளிச்சத்தில் இருக்கின்றன. பாதி தாண்டும்போது ஒன்றுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் மங்குகிறது. கடைசியில் வரும் தலைப்புப் பாட்டில் எல்லோரும் கூடிக் குரல் கொடுக்கும்போதுதான் மறுபடி நிமிர்ந்து உட்காருகிறேன். இண்டி பக்கமே வராத ஒருவருக்குப் பரிசாக ஒரு தட்டு கொடுக்க வேண்டும் என்றால் தயங்காமல் இதைத்தான் கொடுப்பேன். யார் வீட்டிலும், யார் இருக்கும்போதும் போடலாம். என் தங்கை கேட்டது தனக்காக.

'டயமண்ட் ஜூபிலி' விஷயத்தில்தான் எனக்கும் என் நண்பர்களுக்கும் பெரிய சண்டை. இதைத்தான் தட்டாக வாங்க வேண்டும் என்று அவர்கள் சத்தியம் செய்கிறார்கள். கனடாவின் கால்கரியிலிருந்து வந்த விமன் என்ற குழு 2010இல் கலைந்தது. அதில் பாடிய பேட்ரிக் ஃப்ளெகல் பெண் வேடத்தில் மேடையேறும் பெயர்தான் சிண்டி லீ. 32 பாட்டு, இரண்டு மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதல். வெளியிட்ட விதத்தையே பலர் கொண்டாடினார்கள். ஸ்பாட்டிஃபை கிடையாது, எந்த ஸ்ட்ரீமிங்கும் கிடையாது. யூடியூப்பில் முழு ஆல்பமும் ஒரே வீடியோவாக இருந்தது. இல்லையென்றால் தொண்ணூறுகளில் செய்தது போன்ற ஓர் எளிய இணையப் பக்கத்துக்குப் போய் ஃபைல்களை இறக்கிக்கொள்ளலாம். விருப்பமிருந்தால் 30 கனடா டாலர் கொடுங்கள் என்று போட்டிருந்தது. விளம்பரம் எதுவும் இல்லாமல் வந்த இதற்கு பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளம் பத்துக்கு 9.1 மதிப்பெண் கொடுத்தது. ஒரு புது ஆல்பத்துக்கு அவர்கள் அவ்வளவு கொடுத்து நான்கு வருஷம் ஆகியிருந்தது.

கேட்டால் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். அறுபதுகளின் பெண்கள் குழுப் பாட்டு ஒன்றை, பக்கத்து வீட்டு ரேடியோவில் அலைவரிசை விலகி விலகிக் கேட்பது போல முதலில் இருக்கும். அரை மணி நேரத்தில் அந்த மங்கலுக்குக் காது பழகிவிடும். கிதார் மட்டும் எப்போதும் கூர்மையாக, துக்கம் கசிய மேலே மிதக்கும். ஒரு மணி நேரம் ஆனதும் எந்தப் பாட்டில் இருக்கிறோம் என்ற கணக்கு போய்விடும். அந்த நிலைதான் இதன் சிறப்பு. ஒரு மழை நாள் மதியம் முழுக்க நான் இதிலேயே இருந்திருக்கிறேன். முடிந்தபோது வீட்டில் யாரோ போய்விட்ட மாதிரி ஒரு வெறுமை.

இப்போது தட்டைப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் மூன்று தட்டுகளாக வந்தது. மூன்று தட்டு என்றால் ஆறு பக்கம். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து திருப்ப வேண்டும். கணக்கு மறந்துபோவதுதான் இந்த ஆல்பத்தின் இன்பம். தட்டோ ஐந்து முறை உங்களை எழுப்பிக் கணக்குச் சொல்கிறது. மூன்று தட்டுகளின் விலை வேறு. இதைப் படைத்தவரே முதலில் எப்படிக் கொடுத்தாரோ, அந்த ஒரே நீளமான ஓட்டம்தான் இதற்கு ஏற்ற வடிவம் என்று நம்புகிறேன். நண்பர்கள் மன்னிக்கட்டும்.

ஜெசிக்கா பிராட்டின் ஆல்பம் இதற்கு நேரெதிர். ஒன்பது பாட்டு, 27 நிமிடம். முந்தைய 'கொயட் சைன்ஸ்' வந்து ஐந்து வருஷம் கழித்து மே 3 அன்று வந்தது. அதுவரை பெரும்பாலும் குரலும் கிதாருமாகவே இருந்தவர், இதில் முதல் பாட்டிலேயே டிரம்ஸை முழங்க விட்டார். தலைப்பில் வரும் பிட்ச் என்ற சொல்லுக்குச் சுருதி என்றும் பொருள் உண்டு, தார் என்றும் பொருள் உண்டு. அவர் ஊரான லாஸ் ஏஞ்சலஸில் தார்க் குழிகள் இருக்கின்றன. வெயிலுக்கு அடியில் கருப்பாக ஏதோ கொதிப்பது போலத்தான் இந்த ஆல்பமும். கேட்கக் குளிர்ச்சி, உள்ளே பயம். பக்கத்துக்குப் பதினான்கு நிமிடம்கூட இல்லை. தட்டின் வரிகள் தாராளமாக அகன்று ஓட இடம் இருக்கிறது. தட்டுக்கு என்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி.

இரண்டு நாளில் ஒரு நாள் முழுக்க இதையே சொல்லிவிடலாம் என்றிருந்தேன். தடுத்தது நீளம் இல்லை. 27 நிமிடத்துக்கு இவ்வளவு பணமா என்று கேட்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. நிமிடக் கணக்கில் வாங்குகிற பொருளா இது? என்னைத் தடுத்தது வேறு. இந்த ஆல்பம் கேட்கிறவரைக் கொஞ்சம் தள்ளியே நிறுத்துகிறது. அந்தத் தூரம்தான் அதன் அழகு. ஆனால் ஒரு வருஷம் முழுக்க வீட்டில் ஒரே ஒரு தட்டு இருக்கப்போகிறது என்றால், அது கிட்டே வருகிற ஒன்றாக இருக்க வேண்டும்.

அதனால் 'பிரைட் ஃபியூச்சர்'.

ஏட்ரியன் லெங்கர் பிக் தீஃப் குழுவின் பாடகி, பாட்டெழுதுகிறவர். 2020இல் மேற்கு மாசசூசெட்ஸில் ஓர் ஒற்றை அறை மரவீட்டில், ஃபிலிப் வைன்ரோப் என்ற ஒலிப்பதிவாளரோடு இரண்டு ஆல்பம் செய்தார். அதே வைன்ரோப்தான் இதற்கும். இந்த முறை காட்டுக்குள் மறைந்திருக்கும் டபுள் இன்ஃபினிட்டி என்ற ஸ்டுடியோ. அந்தப் பெயரில் பிக் தீஃப்பின் 2025 ஆல்பமே வந்திருக்கிறது. நிக் ஹக்கிம், மேட் டேவிட்சன், யோசெஃபின் ருன்ஸ்டீன் என்று மூன்று நண்பர்கள் மட்டும் வந்து பியானோவும் வயலினும் கிதாரும் வாசித்தார்கள். எல்லாவற்றையும் டேப்பில் பதிந்தார்கள். டேப்பிலேயே கலந்தார்கள். தட்டையும் அதிலிருந்தே வெட்டினார்கள். நடுவில் கம்ப்யூட்டர் இல்லை. நான் மேலே சொன்ன கேள்விக்கு இந்த ஐந்தில் இவ்வளவு நேராகப் பதில் சொல்லும் ஆல்பம் இதுதான். நாம் ஸ்ட்ரீமிங்கில் கேட்பது அந்த டேப்பின் நகல். தட்டில் ஊசி இறங்கும்போது, அறையில் நடந்ததிலிருந்து நம் காது வரை ஒரே கோடாக வருகிறது.

டேப் என்பதாலேயே பாட்டு நன்றாகிவிடாது என்று தெரியும். ஆனால் இந்தப் பாட்டுகளுக்கு அது தேவைப்பட்டது. முதல் பாட்டு 'ரியல் ஹவுஸ்'. பியானோ தயங்கித் தயங்கி அடியெடுத்து வைக்கிறது. லெங்கர் அம்மாவிடம் பேசுவது போலச் சின்ன வயசு நினைவுகளைச் சொல்கிறார். வீட்டு நாய் செத்தபோதுதான் அம்மா அழுது முதன்முதலாகப் பார்த்தேன் என்று ஓர் இடம் வருகிறது. அங்கே ஒரு மௌனம். அந்த மௌனத்தில் அறையின் மூச்சு கேட்கிறது. போனில் கேட்டால் அது வெறும் இடைவெளி. நல்ல ஸ்பீக்கரில், தட்டில், அது ஓர் இடம். நான்கு பேர் அசையாமல் உட்கார்ந்திருக்கும் இடம்.

'வாம்பயர் எம்பயர்' என்ற பாட்டின் கதையும் சுவையானது. பிக் தீஃப் அதை மேடையில் பாடிப் பாடி, வெளியாகும் முன்பே ரசிகர்களுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. 2023இல் குழுவாகப் பதிந்து வெளியிட்டபோது, நாங்கள் கேட்ட வேகம் இது இல்லை, வரிகளும் மாறிவிட்டன என்று பலர் குறைப்பட்டார்கள். எனக்கும் அப்போது ஏமாற்றம்தான். இந்த ஆல்பத்தில் அதே பாட்டு கரடுமுரடாக, கடகடவென்று, திண்ணையில் உட்கார்ந்து அடித்துப் பாடுவது போல வருகிறது. அந்தப் பாட்டுக்குள் இருந்த கோபம் இதில்தான் முழுசாக எனக்குக் கேட்டது. 'டோனட் சீம்' பாட்டில், தண்ணீரெல்லாம் வற்றிப்போவதற்கு முன் நீந்திவிடலாமா என்று கேட்கிறார். பிரிகிற காதலர்களும் வறண்டுபோகும் பூமியும் ஒரே கேள்விக்குள் வந்துவிடுகிறார்கள். கேட்டு இவ்வளவு நாளாகியும் அந்த இடத்தில் நெஞ்சு அடைக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. சொற்களைத் திருப்பிப் போட்டு விளையாடும் 'ஈவால்' எனக்கு இன்னும் கொஞ்சம் செய்து பார்த்த வேலையாகத்தான் தெரிகிறது. பின்பாதியில் ஓரிரு பாட்டுகள் முன்பாதியின் கனத்துக்கு ஈடாக நிற்கவில்லை. ஆனால் மொத்தம் முக்கால் மணி நேரத்துக்குள் முடிகிறது. ஒரே தட்டில் நெருக்கமில்லாமல் அடங்குகிறது. நடுவில் ஒரு முறை எழுந்து திருப்புவதும் தொந்தரவாகத் தெரியவில்லை. இவ்வளவு நெருக்கமான பாட்டுகளுக்கு நடுவில் எழுந்து ஜன்னல் வரை போய் வருவது நல்லதுதான்.

இதையெல்லாம் சொன்னதும் அவள் கேட்டாள்: "அப்போ மத்த நாலையும் ஸ்ட்ரீமிங்ல கேட்டா போதுமா?" போதாது என்றேன். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாவிட்டால் அதற்குப் பணமே கிடையாது. பெயர் பெற்ற இந்த ஐந்து பேரையும் அது தொடாது. இவர்களுக்குப் பின்னால் வரப்போகிறவர்களைத் தொடும். பாண்ட்கேம்ப்பில் டவுன்லோடு விற்றால் தளம் பொதுவாக 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. 2020 மார்ச்சில் தொடங்கிய பாண்ட்கேம்ப் வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறார்கள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை பார்த்து லெண்டர்மனை டவுன்லோடாக வாங்கிக்கொள், அடுத்த முறை சிண்டி லீயை வாங்கு என்றேன். சிண்டி லீயும் 2024 அக்டோபரிலிருந்து அங்கே கிடைக்கிறது. பிராட்டின் தட்டை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வாக்ஸஹாச்சி அவள் பிறந்தநாளுக்கு என் செலவு.

நேற்று பணம் கட்டிவிட்டாள். வந்து சேர மூன்று வாரம் ஆகுமாம். அதுவரை எங்கேயும் கேட்காதே, முதல் தடவை தட்டிலேயே கேள் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றாள். இன்று காலை ஒரு செய்தி வந்திருந்தது: "அண்ணா, 'ஃபூல்' மட்டும் ஒரு தடவை கேட்டுட்டேன். இனிமே தொட மாட்டேன், சத்தியம்."